அரண்மனைக் கேக்கும் பஞ்சகாலக் கேக்கும்

வியன்னா நகரத்துக்குப் போகிற பிரயாணிகள் தவறாமல் ருசி பார்க்க விரும்பும் பதார்த்தங்களில், ஸாகர் டோர்ட்டே என்று பிரஸித்தி பெற்ற சாக்லேட் கேக்குக்கு ஒரு தனி ஸ்தானம் உண்டு. ஆனால் அந்தக் கேக்கைப் பரிமாறுகிறவர்கள், சர்க்கரை சேர்க்காமல் அடித்த பாலேட்டை ஒரு குவியலாகப் பக்கத்தில் வைத்தே பரிமாறுகிறார்கள். காரணம் கேட்டால், கேக் சற்று வறண்டது, ஏடு துணைக்கு இல்லாவிட்டால் தொண்டையில் இறங்காது என்று அந்த ஊர்க்காரர்களே ஒளிக்காமல் ஒப்புக்கொள்வார்கள். அமெரிக்கக் குடும்பங்களில் 'கிறுக்குக் கேக்' என்று செல்லப் பெயர் பெற்றிருக்கும் மற்றொரு சாக்லேட் கேக்கோ, வெண்ணெய், பால், முட்டை என்ற மூன்றில் ஒன்றையும் கண்டறியாததாயினும், சுட்ட மறுநாளும் அதற்கு மறுநாளும் ஈரம் குன்றாமல் மெத்தென்று இருக்கிறது. முன்னது ஓர் அரசதந்திரியின் விருந்து மேஜைக்காகப் பிறந்தது; பின்னது பஞ்சமும் யுத்தமும் வாட்டிய அடுப்பங்கரைகளில் வளர்ந்தது. இவ்விரண்டுக்கும் இடையே ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த நூறு ஆண்டுகளில் கேக்குக்கு ஈரம் எங்கிருந்து வந்தது என்ற விருத்தாந்தம், சமையல் ருசி உள்ளவர்களுக்கு மட்டுமின்றிச் சரித்திர ருசி உள்ளவர்களுக்கும் சுவையாகவே இருக்கும்.

சாக்லேட் தன் நீண்ட ஆயுளில் மிகப் பெரும்பகுதியைப் பானமாகவே கழித்தது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இன்றைக்கு ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இப்போது ஈக்வடார் என்று வழங்கும் தேசத்தின் தென்கிழக்கு மூலையில் வாழ்ந்தவர்கள் கோக்கோவை உபயோகித்தார்கள் என்பதற்கு, அவர்களுடைய மண்பாத்திரங்களில் ஒட்டிக்கிடந்த எச்சங்கள் சாட்சி கூறுகின்றன. மாயா மக்கள் தங்கள் அரச குடும்பத்தாரின் சமாதிகளில் கோக்கோ பானம் நிறைந்த பாத்திரங்களை வைத்துப் புதைத்தார்கள். குவாதமாலாவில் ரியோ அஸூல் என்னும் இடத்தில் கிடைத்த அத்தகைய பாத்திரம் ஒன்றின் மேல் கோக்கோ என்ற சொல்லே சித்திர எழுத்தில் தீட்டப்பட்டிருக்கிறது. அஸ்டெக் சாம்ராஜ்யத்தில் கோக்கோக் கொட்டை நாணயமாகவும் செலாவணியாயிற்று. அதை வறுத்து, கல்லில் அரைத்து, மிளகாயும் வாசனைத் திரவியங்களும் கூட்டி, நாம் காப்பியை ஆற்றுவது போல ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு உயரத் தூக்கி ஊற்றி நுரை பொங்க வைத்துப் பருகினார்கள். ஸ்பானியர் வழியாக அது ஐரோப்பாவுக்குப் போயிற்று. மிளகாய் போய்ச் சர்க்கரை வந்தது, குளிர்ந்த பானம் சூடான பானமாயிற்று. 1657ல் லண்டனில் சாக்லேட் விற்கும் விடுதி ஒன்று திறக்கப்பட்டது. 1753ல் தாவர சாஸ்திரி லின்னேயஸ் அந்த மரத்துக்குத் 'தேவர்களின் உணவு' என்று பொருள்படும் கிரேக்கப் பெயரைச் சூட்டியபோதும், அந்த உணவை உலகம் குடித்துக்கொண்டுதான் இருந்தது.

இவ்வளவு காலமும் அது கேக்குக்குள் சகஜமாக நுழையாமல் இருந்ததற்குக் காரணம், கொட்டையின் இயல்பிலேயே இருந்தது. கோக்கோக் கொட்டையில் பாதிக்கு மேல் கொழுப்பு. அரைத்தால் விழுதாக வருமேயன்றி மாவாக உதிராது. வெந்நீரில் கரைத்தால் நெய் பிரிந்து மேலே மிதக்கும். மாவுடன் சேர்த்துச் சுட்டால் கேக்கைக் கனக்கச் செய்யும். 1828ல் ஆம்ஸ்டர்டாம் நகரத்து வான் ஹூட்டன் குடும்பத்தார் ஓர் அழுத்து யந்திரத்துக்கு உரிமைச் சாசனம் பெற்றார்கள். செக்கில் எள்ளை ஆட்டி எண்ணெயையும் பிண்ணாக்கையும் பிரிப்பது போல, அந்த யந்திரம் கோக்கோவின் கொழுப்பில் சுமார் பாதியைப் பிழிந்தெடுத்து விட்டு, எஞ்சியதைப் பொடியாக்கத் தக்க கட்டியாகக் கொடுத்தது. அந்தப் பொடியைக் காரத்தால் பக்குவப்படுத்தி நிறத்தைக் கருக்கி, கசப்பைத் தணித்து, நீரில் எளிதாகக் கலக்கும்படி செய்யும் முறையும் அந்தக் குடும்பத்தாருடையதே; அது அவர்களுடைய நாட்டின் பெயரால் 'டச்சு முறை' என்று வழங்குகிறது. வான் ஹூட்டன் யோசித்தது பானத்தைப் பற்றித்தான். ஆயினும் வீட்டு அடுப்பில் பிறக்கவிருந்த சாக்லேட் கேக்குக்குப் பிள்ளையார்சுழி போட்டது அந்த யந்திரமே. பிழிந்தெடுத்த கொழுப்பும் வீணாகவில்லை: 1847ல் பிரிஸ்டல் நகரத்து பிரை கம்பெனியார் அதைக் கோக்கோவோடும் சர்க்கரையோடும் மறுபடி கலந்து, கடித்துத் தின்னும் சாக்லேட் கட்டியை வார்த்தார்கள், 1879ல் ஸ்விட்ஸர்லாந்தின் பெர்ன் நகரத்தில் ரூடால்ப் லிண்ட், அதை நெடுநேரம் இடைவிடாமல் அரைத்து, நாவில் கரையும் வழவழப்பைக் கொடுத்தார்.

வியன்னாக் கேக் இந்த மாறுதல்கள் முற்றுப்பெறுவதற்கு முன்பே பிறந்தது. 1832ல் ஆஸ்திரிய மந்திரி மெட்டர்னிக் தம் விருந்தினருக்குப் புதிதாக ஒரு தித்திப்பு வேண்டுமென்று உத்தரவிட, தலைமைச் சமையற்காரர் நோயாகப் படுத்திருந்தமையால், பதினாறு வயதுப் பயிற்சியாளனான பிரான்ஸ் ஸாகர் அந்தப் பொறுப்பை ஏற்றான் என்பது பரம்பரையாகச் சொல்லப்படும் செய்தி. அந்தக் கேக்கில் சோடா இல்லை; அடித்து நுரைத்த முட்டை வெண்கருவின் காற்றே அதைத் தூக்கி நிறுத்தியது. வெண்ணெயும், உருக்கிய சாக்லேட்டும், முட்டையும், மாவும் ஆறியபின் இறுகிப்போகும் இயல்பின. அதனாலேயே ஆப்ரிகாட் பழப்பாகைப் பூசி, மேலே சாக்லேட் மெழுகி, போதாததற்கு ஏட்டையும் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. இந்தக் கேக்கின் பெயரைப் பற்றி ஸாகர் ஹோட்டலுக்கும் டெமல் என்னும் மிட்டாய்க் கடைக்கும் மூண்ட வழக்கு வெகு காலம் நடந்தது. பழப்பாகு கேக்கின் நடுவிலும் இருக்க வேண்டுமா, மேல்மெழுகுக்கு அடியில் மட்டும் இருந்தால் போதுமா என்பதெல்லாம் அதில் வாதிக்கப்பட்டது. 1963ல் சமரசம் ஏற்பட்டு, 'அசல்' என்று போட்டுக்கொள்ளும் உரிமை ஹோட்டலுக்குக் கிடைத்தது. அந்த வறட்சி யாருக்குச் சொந்தம் என்று ஒருவரும் வழக்காடவில்லை.

இனி அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அங்கே மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்து டார்ச்செஸ்டரில், நெப்பான்ஸெட் நதியின் நீர்வேகத்தால் ஓடிய ஆலை ஒன்றில், 1765 வாக்கிலேயே ஜான் ஹானன் என்ற ஐரிஷ்காரரும் ஜேம்ஸ் பேக்கர் என்ற வைத்தியரும் கூட்டாகச் சாக்லேட் அரைத்து வந்தார்கள். ஹானன் பிற்பாடு கடற்பிரயாணத்தில் மறைந்துபோக, வியாபாரம் பேக்கர் குடும்பத்தின் கைக்கு வந்து, அந்தக் குடும்பப் பெயரே சமையல் சாக்லேட்டின் பெயராக ஊன்றிவிட்டது. ஆனால் அக்காலத்துச் சமையற் புத்தகங்களில் 'சாக்லேட் கேக்' என்ற தலைப்பைக் கண்டதும் நாம் மயங்கிவிடக் கூடாது. பல சமயங்களில் அது சாக்லேட் பானத்தோடு தொட்டுத் தின்னும் வெறுங்கேக்கையோ, மேலே மட்டும் சாக்லேட் பூசிய மஞ்சள் கேக்கையோ குறிக்கும். 1847ல் வெளிவந்த எலைஸா லெஸ்லி அம்மையாரின் புத்தகத்தில் துருவிய சாக்லேட்டை மாவிலேயே கலக்கும் முறை காணப்படுகிறது. எனினும் அது பரவலான வழக்கமாவதற்கு மேலும் ஒரு தலைமுறை ஆயிற்று.

அந்தத் தலைமுறைக்குள் அடுப்பங்கரையில் நிகழ்ந்த பெரும் புரட்சி, சாம்பலில் தொடங்கியது. அதற்கு முன் கேக் உப்ப வேண்டுமானால் ஈஸ்டைப் போட்டுக் காத்திருக்க வேண்டும், அல்லது கை ஓயும் வரை முட்டையை அடிக்க வேண்டும். விறகுச் சாம்பலைக் கரைத்து வடித்துக் காய்ச்சி எடுக்கும் ஒருவகைக் காரத்தை, நம் அப்பளக்காரத்துக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லத் தக்கதை, மாவில் சேர்த்தால் அது சட்டென்று உப்பும் என்று அமெரிக்க ஸ்திரீகள் கண்டுகொண்டார்கள். 1796ல் வெளிவந்த அமீலியா ஸிம்மன்ஸ் அம்மையாரின் சமையற் புத்தகத்திலேயே அந்தப் பிரயோகம் இருக்கிறது. பிறகு 1843ல் பர்மிங்காம் நகரத்து மருந்துக்கடைக்காரர் ஆல்பிரட் பேர்ட், ஈஸ்டும் முட்டையும் ஒவ்வாத தம் மனைவிக்காகப் பேக்கிங் பவுடரைக் கலந்து கொடுத்தார். 1846ல் நியூயார்க்கில் சர்ச், டுவைட் என்னும் இருவர் சமையல் சோடாவைப் பொட்டலம் கட்டி விற்கத் தொடங்கினார்கள். 1856ல் ஹார்வர்ட் பேராசிரியர் ஈபன் ஹார்ஸ்போர்ட், சோடாவைப் பொங்கச் செய்யும் அமில உப்பு ஒன்றுக்கு உரிமை பெற்றார். ஆப்பமாவில் சோடா போடுகிற நம்மவர்களுக்கு இதன் ரகசியம் புதிதன்று: சோடாவும் புளிப்பும் சந்தித்தால் வாயு எழும்; அந்த வாயு மாவைத் துளைத்து மென்மையாக்கும். புளித்த மோரும், வெல்லப்பாகும், வினிகரும் அமெரிக்கக் கேக்குக்குள் இடம்பெற்றது இப்படித்தான். காரப் பக்குவம் செய்யாத கோக்கோ பொடியும் சற்றுப் புளிப்புடையதாதலால் இந்தக் கூட்டத்தில் இயல்பாகச் சேர்ந்துகொண்டது. அத்தகைய கோக்கோவும் புளித்த மோரும் கூடிய கேக்குகள் லேசாகச் சிவந்த நிறம் காட்டுவதும் உண்டு. வெண்மையும் லேசும் பொருந்திய 'தேவதை உணவு' என்ற கேக்குக்கு எதிர்க்கட்சியாகக் கரியதும் செறிந்ததுமான சாக்லேட் கேக் 'சாத்தான் உணவு' என்று பெயர் பெற்று, 1902ல் வெளியான ரோரர் அம்மையாரின் புத்தகத்தில் இடம் பிடித்தது.

யந்திரமும் ரஸாயனமும் வந்துவிட்டால் மட்டும் ஏழையின் வீட்டில் கேக் வந்துவிடாது. கோக்கோவின் விலையும் இறங்க வேண்டும். அந்த இறக்கத்துக்குப் பின்னால் ஒளியும் இருளும் கலந்த ஒரு கதை இருக்கிறது. போர்ச்சுகீசியரின் ஆதிக்கத்தில் இருந்த ஸான் டோமே தீவுக்கு அங்கோலாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளிகள், ஒப்பந்தம் என்ற பெயரால் அடிமைகளாகவே நடத்தப்பட்டார்கள். பத்திரிகையாளர் ஹென்ரி நெவின்ஸன் இதை அம்பலப்படுத்தியதும், தாமதித்தாயினும் 1909ல் இங்கிலாந்தின் பெரிய சாக்லேட் கம்பெனிகள் அந்தத் தீவின் கோக்கோவை வாங்குவதை நிறுத்தியதும் மறக்கத் தகாதவை. அதே காலத்தில், இப்போது கானா எனப்படும் கோல்ட் கோஸ்ட்டில் வேறு விதமான விவசாயம் வேரூன்றியது. 1879 வாக்கில் டெட்டே குவார்ஷி என்ற கொல்லர் பெர்னாண்டோ போ தீவிலிருந்து கொண்டுவந்து நட்டதாகச் சொல்லப்படும் விதைகளைத் தொடர்ந்து, சிறு குடியானவர்கள் தங்கள் தங்கள் காணிகளில் கோக்கோவைப் பயிரிட்டார்கள். 1911ல் உலகத்திலேயே மிகுதியான கோக்கோவை விளைவிக்கும் நாடாக அது உயர்ந்தது. அமெரிக்க வீட்டு அலமாரியில் ஒரு டப்பா கோக்கோ பொடி சாதாரண வஸ்துவாக இருக்க முடிந்ததற்கு, அந்த ஆப்பிரிக்கக் குடியானவர்களின் உழைப்பு ஒரு முக்கிய காரணம்.

இந்த நிலையில் வந்தது 1929ம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சி. 1933ல் அமெரிக்காவில் வேலையற்றோர் தொகை ஒரு கோடியையும் தாண்டிவிட்டது. அடுத்து யுத்தம் வந்தது. 1942ல் சர்க்கரைக்கும் 1943ல் வெண்ணெய்க்கும் அந்த நாட்டில் பங்கீடு ஏற்பட்டது. பிரிட்டனில் 1940 ஜனவரியிலேயே வெண்ணெயும் சர்க்கரையும் கூப்பனுக்கு உட்பட்டுவிட்டன; அங்கே மிட்டாய்களின் மேலிருந்த கட்டுப்பாடு முடிவாக நீங்கியது 1953 பிப்ரவரியில். ஆயினும் குழந்தையின் பிறந்தநாள் கூப்பனைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அந்தக் கஷ்டத்தில் பரவியதுதான் கிறுக்குக் கேக். அதன் முறை வருமாறு: ஒன்றரைக் கோப்பை மைதா, ஒரு கோப்பை சர்க்கரை, மூன்று மேஜைக்கரண்டி கோக்கோ, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா, அரைத் தேக்கரண்டி உப்பு ஆகியவற்றைச் சுடுகிற தட்டிலேயே கொட்டிக் கலந்து, அதில் மூன்று குழிகள் பறித்து, ஒன்றில் ஒரு மேஜைக்கரண்டி வினிகரும், ஒன்றில் ஒரு தேக்கரண்டி வனிலா எஸென்ஸும், ஒன்றில் ஐந்தாறு மேஜைக்கரண்டி எண்ணெயும் ஊற்றி, எல்லாவற்றின் மேலும் ஒரு கோப்பை தண்ணீர் வார்த்துக் கிளறி, 175 டிகிரி செல்ஷியஸ் சூட்டில் அரைமணி நேரம் வைத்தால் கேக் ஆயிற்று. அடிக்க முட்டை இல்லை, குழைக்க வெண்ணெய் இல்லை, கழுவ இரண்டாம் பாத்திரமும் இல்லை.

இல்லாமையால் எழுந்த இந்த முறை, இருந்தவர்களின் கேக்கைவிட ஈரமாக அமைந்தது எப்படி? வெண்ணெய் ஆறினால் இறுகும். எண்ணெய் ஆறினாலும் திரவமாகவே நின்று, துண்டின் ஒவ்வோர் அணுவிலும் பரவி, நாவில் பட்டவுடன் ஈரமென்ற உணர்ச்சியைத் தருகிறது. முட்டையின் வெண்கரு வெந்தால் கட்டிப்பட்டு இறுகும். அது இல்லாத இடத்தில் அந்த இறுக்கமும் இல்லை. மாவை நெடுநேரம் பிசைந்தால் பரோட்டாவுக்கு வேண்டிய இழுவை உண்டாகும், கேக்குக்கு அது சத்துரு. குழியில் ஊற்றி ஒரே கிளறாகக் கிளறும் இந்த முறையில் அந்த இழுவை தலைதூக்க அவகாசமே இல்லை. சர்க்கரை ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கொதிநீரையோ சூடான காப்பியையோ ஊற்றிக் கோக்கோவை முதலில் நனைத்தால் அதன் மணம் மலரும் என்பது பிற்கால வீட்டுச் சமையற்காரர்கள் சேர்த்துக்கொண்ட யுக்தி. வான் ஹூட்டன் தம் யந்திரத்தால் இறுகும் கொழுப்பைப் பிழிந்து எடுத்தார். நூறு ஆண்டுகளுக்குப் பின் ஓர் ஏழைக் குடும்பத் தலைவி, இறுகாத கொழுப்பை ஐந்தாறு கரண்டி அதே பொடிக்குத் திருப்பிக் கொடுத்தாள். மெத்தென்ற சாக்லேட் கேக்கின் சரித்திரம் முழுவதும் இந்தக் கொடுக்கல் வாங்கலில் அடங்கியிருக்கிறது.

எண்ணெயின் மகிமையை வேறொருவரும் கண்டிருந்தார். லாஸ் ஏஞ்சல்ஸில் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்த ஹாரி பேக்கர், 1927ல் எண்ணெயைக் கொண்டு 'ஷிபான்' என்னும் லேசான கேக்கைக் கண்டுபிடித்து, ஹாலிவுட் நட்சத்திரங்கள் உண்ணும் விடுதிக்குச் சுட்டுக் கொடுத்து, இருபது ஆண்டுகள் ரகசியத்தைக் காத்து, 1947ல் ஒரு பெரிய மாவு ஆலைக் கம்பெனிக்கு விற்றார். யுத்தம் முடிந்ததும் அத்தகைய கம்பெனிகள் பெட்டியில் அடைத்த கேக் மாவை வீடுதோறும் கொண்டுபோயின. பொட்டலத்தைப் பிரித்து முட்டையும் எண்ணெயும் தண்ணீரும் கலந்தால் போதும் என்ற சௌகரியம் அதோடு வந்தது. ஆனால் கையால் கலந்து சுடும் சம்பிரதாயம் அழிந்துவிடவில்லை. 1957ல் டல்லாஸ் நகரத்துத் தினசரி ஒன்றில் ஓர் இல்லத்தரசி அனுப்பிய சமையல் குறிப்பு வெளியாயிற்று. மோர் சேர்த்துச் சுட்டுத் தேங்காயும் பெக்கான் பருப்பும் கூட்டிய பூச்சை இட்ட அந்தக் கேக், நாடு முழுவதும் பரவியது. 'ஜெர்மன் சாக்லேட் கேக்' என்ற பெயரைக் கேட்டு அது ஜெர்மனியிலிருந்து வந்தது என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. உண்மையில் அது 1852ல் பேக்கர் கம்பெனிக்காக ஒரு தித்திப்புச் சாக்லேட்டைத் தயாரித்த ஸாமுவேல் ஜெர்மன் என்பவரின் பெயர்.

இந்தக் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. இந்தியாவில் முதன்முதலாகக் கோக்கோவை நட்டது குற்றாலத்தில். 1798ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அங்கே வைத்த கன்றுகளுக்குச் சாரல் இருந்தது, சந்தை இல்லை. அதற்கப்பால் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, 1965 முதல் வயநாட்டில் அது வியாபாரப் பயிராக ஊன்றியது. இன்று பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் காய்க்கிறது. கேக்கோ, கன்று வந்த வழியாக வரவில்லை. ரொட்டிக் கடையின் அடுப்பு ஊருக்கு ஒன்றிரண்டாக இருந்த காலத்தில், பிரஷர் குக்கரின் அடியில் மணலையோ உப்பையோ பரப்பிச் சூடேற்றி, ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கழற்றி வைத்துவிட்டு, அதற்குள் கேக் தட்டை இறக்கிச் சுடும் வித்தையை நம் பெண்கள் வாய்வழியாகக் கற்றுப் பரப்பினார்கள். முட்டை புழங்காத வீடுகளில், தயிரில் சமையல் சோடாவைப் போட்டு நுரைக்கவிட்டு, வெண்ணெய்க்குப் பதில் எண்ணெய் வார்த்தார்கள். அமெரிக்காவில் பங்கீட்டினால் நேர்ந்தது இங்கே ஆசாரத்தினால் நேர்ந்தது. காரணம் வேறாயினும் பலன் ஒன்றே, குக்கரில் வெந்த அந்தக் கேக்கும் மெத்தென்றே இருந்தது.

ஆதலால், வீட்டில் முட்டை இல்லை, வெண்ணெய் இல்லை, ஓவன் இல்லை என்பதற்காகக் கேக் சுடுவதைத் தள்ளிப்போட நினைக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. அவை எல்லாம் குறைவின்றி இருந்த இடத்தில் பிறந்த கேக்குக்கு இன்றும் பக்கத்தில் ஏடு வேண்டியிருக்கிறது. எண்ணெயை ஊற்றுங்கள், கோக்கோவின் மேல் வெந்நீரை விடுங்கள், சோடாவுக்கு ஒரு புளிப்பைத் துணை சேருங்கள், அதிகம் கிளறாதீர்கள், நடுவில் குத்திய குச்சியில் ஒன்றிரண்டு ஈரத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வரும்போதே அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள். மறுநாள் காலை மிச்சம் இருந்தால் தின்று பாருங்கள், இன்னும் நன்றாக இருக்கும்.